தியோடர் லாங்கன்ஸ்

தியோடர் லாங்கன்ஸ் (நவம்பர் 28, 1839 – அக்டோபர் 22, 1915) செருமானிய நோயியல் அறிஞர் ஆவார். காசநோய் முடிச்சுகளில் காணப்படும் பல கருக்களைக் கொண்ட பெருஞ்செல்களை விரிவாக விளக்கியவர். அச்செல்கள் இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றன.

வாழ்க்கை

செருமனியின் உசிங்கன் என்னும் ஊரில் பிறந்தார். ஐடல்பெர்க், கோட்டிங்கன், பெர்லின் முதலிய பல்கலைக்கழகங்களில் மருத்துவம் பயின்றார். பெர்லினில் உயிரணு நோயியலின் தந்தை எனக் கருதப்படும் ருடால்ஃப் விர்சோ இவருக்கு ஆசிரியராக இருந்தார். வூர்ட்சுபர்க்கில் ரெக்லிங்கௌசனின் உதவியாளராகப் பணியாற்றிய பின் மார்பர்க், கீசன் ஆகிய இடங்களில் கற்பித்தார். 1872 இல் எட்வின் கிளெப்சுக்கு அடுத்ததாக சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் நோயியல் பேராசிரியரானார். 1912 வரை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், அங்கேயே பணிபுரிந்தார்.

பெருஞ்செல்கள்

பல கருக்களுள்ள பெரிய செல்கள் இவருக்கு முன்னரே காணப்பட்டிருந்தன. ஆயினும் காசநோய் முடிச்சில் அவை கொள்ளும் தனி அமைப்பை 1868 இல் தெளிவாக விளக்கியவர் லாங்கன்ஸே. இச்செல்லில் கருக்கள் நடுவில் சிதறிக் கிடப்பதில்லை. விளிம்பை ஒட்டிக் குதிரை லாடம் போல வளைந்து நிற்கின்றன. காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் அறிவித்தது 1882 இல். ஆகவே நோயின் காரணம் தெரியுமுன்பே, பதினான்கு ஆண்டுகள் முன்னதாக, அதன் தடயம் நுண்ணோக்கியில் பதிவாகிவிட்டது.

இச்செல் எவ்வாறு உருவாகிறது என்பது நெடுநாள் விவாதப் பொருளாக இருந்தது. கிருமியை விழுங்கியும் அழிக்க இயலாத பெருவிழுங்கிகள் நெருங்கித் திரண்டு, ஒன்றோடொன்று இணைந்து ஒரே செல்லாகின்றன என்பதே இன்று பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். செல் பிரியாமல் கரு மட்டும் பிரிவதாலும் இவை தோன்றலாம் என அண்மைக்கால ஆய்வுகள் சில கூறுகின்றன.

இவை காசநோய்க்கு மட்டுமே உரியன அல்ல. சார்கோய்டோசிஸ், தொழுநோயின் ஒரு வகை, சில பூஞ்சை நோய்கள் ஆகியவற்றிலும் காணப்படும். எனவே திசுவில் இச்செல்லைக் கண்ட அளவில் காசநோய் என முடிவு செய்வது பிழையாகும். கிருமி இருப்பதைத் தனியே உறுதிப்படுத்த வேண்டும். உடலில் தங்கிவிட்ட அறுவைத் தையல் நூல் போன்ற அயற்பொருள்களைச் சுற்றித் தோன்றும் பெருஞ்செல்கள் வேறு வகையின. அவற்றில் கருக்கள் ஒழுங்கின்றிப் பரவியிருக்கும்.

பிற பணிகள்

நஞ்சுக்கொடியின் செல் அடுக்கு ஒன்றை 1870 இல் விளக்கினார். அதுவும் இவர் பெயரைப் பெற்றுள்ளது. ஓட்ச்கின் நோயின் நுண்ணோக்கித் தோற்றத்தை முதலில் எழுதியவர்களுள் இவரும் ஒருவர் (1872). பெர்னில் இவருடன் பணியாற்றிய அறுவை மருத்துவர் தியோடர் கோக்கர், தைராய்டு ஆய்வுக்காக 1909 இல் நோபல் பரிசு பெற்றார். லாங்கன்சும் தைராய்டு கட்டிகளைப் பற்றி ஆராய்ந்துள்ளார்.

பெயர்க் குழப்பம்

கணையத் திட்டுகளுக்குப் பெயர் தந்த பால் லாங்கர்ஹான்ஸ் (1847–1888) வேறொருவர். தோலில் உள்ள லாங்கர்ஹான்ஸ் செல்களும் அவருடையவையே. அத்தோல் செல்களைப் பற்றிய கட்டுரையும் பெருஞ்செல் கட்டுரையும் ஒரே ஆண்டில், விர்சோ நடத்திய ஒரே இதழில் வெளிவந்தன. மாணவர்கள் இவ்விரு பெயர்களையும் மாற்றி எழுதிவிடுவது இன்றும் வழக்கமாக உள்ளது.