தளராத வீரர் மாரிஸ் ஸ்டோக்ஸ்

கூடைப்பந்துக் களத்தில் தொழில்முறை வீரராக மாரிஸ் ஸ்டோக்ஸ் ஆடிய காலம் மூன்று ஆண்டுகள். நோய்ப்படுக்கையில் போராடிய காலம் பன்னிரண்டு ஆண்டுகள். களத்தில் அவர் பெற்ற புகழோடு, துன்பத்தில் அவர் காட்டிய மனவுறுதியும் அப்போது அவருக்குத் துணைநின்ற தோழமையும் அவர் பெயரை இன்றும் நிலைக்கச் செய்துள்ளன.

இளமையும் கல்வியும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க் நகரை அடுத்த ராங்கின் என்னும் ஊரில் 1933ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் ஸ்டோக்ஸ் பிறந்தார். கறுப்பினத்தைச் சேர்ந்த எளிய குடும்பம் அவருடையது. தந்தை எஃகு ஆலைத் தொழிலாளி. தாய் பிறர் வீடுகளில் பணி செய்தவர்.

உயர்நிலைப் பள்ளியின் கூடைப்பந்து அணியில், முதல் இரண்டு ஆண்டுகள் ஆட்டத்தைத் தொடங்கும் ஐவருள் ஒருவராக அவர் இடம்பெறவில்லை. எனினும் அவர் ஆட்டத்தைக் கைவிடவில்லை. 1950, 1951 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அப்பள்ளி நகர வாகையர் பட்டம் வென்றபோது, அவ்வெற்றிகளுக்கு அவர் பெருந்துணையாக இருந்தார்.

பின்னர், லொரெட்டோ என்னும் சிற்றூரில் பிரான்சிஸ்கன் துறவியர் நடத்திய செயின்ட் பிரான்சிஸ் கல்லூரியில் சேர்ந்தார். 1955இல் நியூயார்க்கில் நடைபெற்ற தேசிய அழைப்புப் போட்டித்தொடரில் அச்சிறு கல்லூரியின் அணி நான்காம் இடமே பெற்றது. ஆயினும் தொடரின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்னும் சிறப்பு ஸ்டோக்சுக்கே கிடைத்தது.

களத்தில் பெற்ற புகழ்

அதே ஆண்டில் ரோச்செஸ்டர் ராயல்ஸ் என்னும் தொழில்முறை அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. ஆறடி ஏழு அங்குல உயரமும் மிகுந்த வலிமையும் உடையவர் ஸ்டோக்ஸ். அத்தகைய உயரமுடையோர் வளையத்தின் அருகிலேயே நின்று ஆடுவது அந்நாளைய வழக்கம். அவரோ பந்தைத் தட்டிக்கொண்டு களம் முழுவதும் விரைந்தார். தோழர்களுக்குப் பந்தைப் பகிர்ந்தளிப்பதிலும் சிறந்து விளங்கினார்.

முதல் பருவத்தில் ஆட்டத்திற்குச் சராசரியாக 16.8 புள்ளிகள் ஈட்டி, ஆண்டின் சிறந்த புதுமுக வீரர் விருதைப் பெற்றார். இரண்டாம் பருவத்தில், குறி தவறி வளையத்திலிருந்து மீளும் பந்தை 1,256 முறை கைப்பற்றினார். அது அந்நாளில் புதிய சாதனையாகும். மூன்று பருவங்களிலும் நட்சத்திர வீரர்களின் சிறப்பு ஆட்டத்திற்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

எதிர்பாராத வீழ்ச்சி

1957இல் ராயல்ஸ் அணி ஓஹையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகருக்கு இடம் மாறியது. 1958ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள், பருவத்தின் இறுதி ஆட்டம் மினியாபொலிஸ் நகரில் நடந்தது. வளையத்தை நோக்கிப் பாய்ந்த ஸ்டோக்ஸ் நிலைதடுமாறி விழுந்தார். தலை தரையில் மோத, நினைவிழந்தார். மயக்கம் தெளிவிக்கப்பட்டதும் மீண்டும் களமிறங்கி ஆடினார். தலையில் படும் அடியின் கொடுமையை அந்நாளில் பலரும் உணர்ந்திருக்கவில்லை.

மூன்று நாள்களுக்குப் பின் டெட்ராய்ட் நகரில் நடந்த ஆட்டத்திலும் அவர் கலந்துகொண்டார். அங்கிருந்து திரும்பும் விமானத்தில் அவருக்கு வலிப்பு கண்டது. ஆழ்ந்த மயக்கத்தில் வீழ்ந்தார். நினைவு திரும்பியபோது கைகால்களை அசைக்கவோ பேசவோ அவரால் இயலவில்லை. உடல் இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதி பாதிக்கப்பட்டிருந்தது. அறிவோ சிறிதும் மங்கவில்லை. அப்போது அவருக்கு வயது 24.

தோழமையின் துணை

மருத்துவத்திற்குப் பெருந்தொகை தேவைப்பட்டது. இத்தகைய பேரிடரில் ஆட்டக்காரர்களுக்குக் கைகொடுக்கும் ஏற்பாடு எதுவும் அந்நாளில் இல்லை. ஸ்டோக்சின் குடும்பத்தினரோ தொலைவில் இருந்தனர். அந்நிலையில் முன்வந்தவர் அணித்தோழர் ஜாக் ட்வைமன். அவரும் பிட்ஸ்பர்க்கில் பிறந்தவர், வெள்ளையினத்தவர். நிறவேறுபாடு கடுமையாகப் பாராட்டப்பட்ட காலம் அது. ட்வைமனுக்கு அப்போது வயது 23. மனைவியின் ஒப்புதலோடு, ஸ்டோக்சின் சட்டப் பாதுகாவலராக அவர் பொறுப்பேற்றார்.

ஆட்டத்தின்போது நேர்ந்த காயமே நோய்க்குக் காரணம் என்பதை எடுத்துக்காட்டி, தொழிலாளர்க்கு உரிய இழப்பீட்டை ட்வைமன் பெற்றுத் தந்தார். ஒவ்வொரு கோடையிலும் நியூயார்க் மாநிலத்தின் மான்டிசெல்லோவில் நிதி திரட்டும் கூடைப்பந்தாட்டம் ஒன்றையும் நடத்தினார். வில்ட் சேம்பர்லின் முதலிய புகழ்பெற்ற வீரர்கள் அதில் ஆடினர்.

பேச இயலாத ஸ்டோக்சுடன் உரையாடவும் ட்வைமன் ஒரு வழி கண்டார். அவர் ஆங்கில எழுத்துகளை வரிசையாகச் சொல்வார். வேண்டிய எழுத்து வரும்போது ஸ்டோக்ஸ் கண் இமைப்பார். இவ்வாறு எழுத்தெழுத்தாகச் சொற்கள் உருவாயின.

ஸ்டோக்சும் சோர்ந்துவிடவில்லை. வலி மிகுந்த பயிற்சிகளை நாள்தோறும் மேற்கொண்டார். சில ஆண்டுகளில் விரல்களில் ஓரளவு இயக்கம் திரும்பியது. தட்டச்சுப் பொறியில் எழுதப் பழகியதும், ட்வைமனுக்கு நன்றி தெரிவித்து எழுதினார்.

நிலைத்த பெயர்

1970ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் ஸ்டோக்ஸ் மாரடைப்பால் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 36. அவர் விரும்பியவாறே, தாம் பயின்ற கல்லூரி வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

2004இல் கூடைப்பந்துப் புகழ் மன்றத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. அவர் சார்பில் அச்சிறப்பைப் பெற்றுக்கொண்டவர் ட்வைமன். 2012இல் ட்வைமனும் மறைந்தார். அடுத்த ஆண்டு முதல், சிறந்த அணித்தோழருக்கு ட்வைமன், ஸ்டோக்ஸ் இருவர் பெயராலும் விருது வழங்கப்படுகிறது. அதிகப் புள்ளி ஈட்டியவருக்கு அன்று. அணியினர்க்கு உற்ற துணையாய் நிற்பவருக்கே அவ்விருது உரியது.

சொற்பொருள்

வாகையர் – வெற்றி பெற்றவர்
பேரிடர் – பெருந்துன்பம்
இழப்பீடு – இழப்பிற்கு ஈடாக வழங்கப்படும் தொகை
உற்ற துணை – வேண்டிய நேரத்தில் உதவும் துணை

பயிற்சி

1. உயரமான பிற வீரர்களிடமிருந்து ஸ்டோக்சின் ஆட்டம் எவ்வாறு வேறுபட்டது?
2. பேச இயலாத ஸ்டோக்சுடன் ட்வைமன் எவ்வாறு உரையாடினார்?
3. ட்வைமன் செய்த உதவிகளைத் தொகுத்து எழுதுக.
4. தலையில் அடிபட்ட ஆட்டக்காரரை உடனே மீண்டும் ஆடவிடலாமா? காரணத்துடன் ஐந்து வரிகளில் எழுதுக.
5. தொடரில் அமைத்து எழுதுக: கைகொடுத்தல், துணைநிற்றல், பொறுப்பேற்றல்.