150 இசைக்கருவிகளை வீட்டிலேயே பதுக்கிய தச்சர்: யார் இந்த லூயிஜி தாரிசியோ?

இத்தாலியின் மிலான் நகரில் ஒரு மாடி அறை. அங்கே தனியாக வாழ்ந்த லூயிஜி தாரிசியோ 1854-ல் இறந்துபோனார். அவர் விட்டுச்சென்ற சொத்து, சுமார் 150 பழைய இசைக்கருவிகள். அதில் 24, வயலின் உலகின் ஜாம்பவான் அன்டோனியோ ஸ்ட்ராடிவேரி கையால் செய்தவை!

எப்படிச் சேர்த்தார்?

தாரிசியோவின் தொழில் தச்சு வேலை. வயலினும் ஓரளவு வாசிப்பார். பெரிய படிப்பெல்லாம் கிடையாது. ஆனா, மரத்தையும் வார்னிஷையும் பார்த்தே யார் செய்த வயலின் என்று சொல்லிவிடுவார்.

அந்தக் காலத்தில் இத்தாலியின் கிராம வீடுகளிலும் மடாலயங்களிலும் பழைய வயலின்கள் உடைந்து, தூசி படிந்து கிடந்தன. ஊர் ஊராகப் போன தாரிசியோ, வாசிக்கிற நிலையில் உள்ள சாதாரண வயலினைக் கொடுத்துவிட்டு, உடைந்த பழசை வாங்கிக்கொண்டார். கொடுத்தவர்களுக்கு அதன் மதிப்பு தெரியாது. இவரும் சொல்லவில்லை.

பாரிஸை ஏங்க வைத்த வயலின்

1827-ல் சில வயலின்களோடு பாரிஸ் போனார். வியாபாரிகள் அசந்துபோனார்கள். அதன்பிறகு அடிக்கடி போய் விற்றார். ஆனா, ஒன்றை மட்டும் கொண்டுபோகவே இல்லை.

அது 1716-ல் ஸ்ட்ராடிவேரி செய்து, கடைசிவரை விற்காமல் தன்னிடமே வைத்திருந்த வயலின். அதைப் பற்றிப் பெருமை பேசுவார், கண்ணில் காட்ட மாட்டார். கடுப்பான வயலின் கலைஞர் டெல்ஃபின் அலார், எல்லோரும் காத்திருந்தும் வராத மெசையாவைப் போல இருக்கிறதே என்று கிண்டலடித்தாராம். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அப்புறம் என்னாச்சு?

தாரிசியோ இறந்த செய்தி கேட்டதும், 1855 ஜனவரியில் பாரிஸ் வியாபாரி வியோம் இத்தாலிக்கு ஓடினார். நோவாரா அருகே உறவினர்களின் பண்ணை வீட்டில், ஒரு பழைய மேஜை இழுப்பறைக்குள் கிடந்தது மெசையா. மொத்தச் சேகரிப்பையும் சுமார் 80,000 பிராங்குக்கு வாங்கிவிட்டார்.

நல்லதா, கெட்டதா?

வயலின் மரம் ஈரத்தில் உப்பும், வறட்சியில் சுருங்கும். பசை விட்டு இணைப்புகள் திறக்கும், விரிசல் விழும். வெயிலும் குளிரும் நேராக இறங்கும் மாடி அறையும், பண்ணை வீட்டு இழுப்பறையும் இன்று யாரும் பரிந்துரைக்காத இடங்கள். ஒரு தீ விபத்து நடந்திருந்தால் மொத்தமும் போயிருக்கும். அதே நேரம், அவர் தேடி எடுக்காமல் இருந்திருந்தால், பல வயலின்கள் கிராமத்து மூலைகளிலேயே மக்கிப்போயிருக்கும்.

மெசையா இப்போது இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில், ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. அதிகம் வாசிக்கப்படாததால் இன்றும் புதுசு போல மின்னுகிறது. தாரிசியோ காலத்தில் பார்க்கவே முடியாத வயலினை இப்போது யாரும் பார்க்கலாம். கேட்கத்தான் முடியாது.