தோல்வியிலும் தோளேறிய வீரர்

வென்றவனைத் தோளில் ஏற்றிக் கொண்டாடுதல் எந்நாட்டிலும் உள்ள வழக்கம். தோற்றவனை வென்றவர்களே தோளிற் சுமந்து சென்ற காட்சியோ அரிதினும் அரிது. 1956ஆம் ஆண்டு செப்டெம்பர் 23ஆந் திகதி, அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினில், குறோக் பார்க் மைதானத்தில் எண்பதினாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் அக்காட்சியைக் கண்டனர். அன்று தோளேறியவர் கிறிஸ்டி றிங் என்னும் ஹேர்லிங் வீரர்.

ஹேர்லிங் அயர்லாந்து மக்களின் தொன்மையான விளையாட்டு. பக்கத்துக்குப் பதினைவராக நின்று, நுனி அகன்ற மர மட்டையாற் சிறிய தோற்பந்தை அடித்து ஆடுவர். ஹொக்கியை ஒருவாறு ஒத்ததாயினும், இதிற் பந்து பெரும்பாலும் ஆகாயத்திலேயே பறக்கும். கையாற் பிடிக்கவும் இடமுண்டு. இலக்கின் குறுக்குச் சட்டத்துக்குக் கீழே பந்தைச் செலுத்தினால் மூன்று புள்ளி. மேலே செலுத்தினால் ஒன்று. அந்நியராட்சியில் நலிந்திருந்த தாயக விளையாட்டுக்களுக்குப் புத்துயிர் அளிக்க 1884இல் தேர்ள்ஸ் நகரில் ஒரு சங்கம் தோன்றிற்று. அதன் போட்டிகளில் எத்துணைப் புகழ்பெற்ற வீரரும் ஆட்டத்துக்கெனச் சம்பளம் பெறுவதில்லை. தம் மாவட்டத்தின் பெயரைக் காப்பதே அவர்க்குப் பேறு.

றிங், 1920ஆம் ஆண்டு ஒக்டோபரில், கோர்க் மாவட்டத்துக் குளோயின் கிராமத்தில் எளிய குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தையார் தோட்ட வேலை செய்தவர். இளமையிலேயே பள்ளியை விட்டு இயந்திரத் தொழில் பழகிய றிங், பின்னர் லொறிச் சாரதியாகி, எண்ணெய் வண்டி ஓட்டி வாழ்ந்தார். மட்டையையும் பந்தையும் வண்டியில் உடன்கொண்டு சென்று, ஓய்வு வேளையிற் பயின்றார். மதுவைத் தொடாதவர், புகழுரைக்கு நாணும் இயல்பினர்.

1941 முதல் 1944 வரை கோர்க் அணி தொடர்ந்து நான்கு முறை அகில அயர்லாந்து வெற்றியை ஈட்டியது. அந்நான்கிலும் றிங் பங்குகொண்டார். 1946, 1953, 1954 ஆகிய ஆண்டுகளில் அவரே தலைவராக நின்று அணியை வெற்றிக்கு இட்டுச் சென்றார். 1952இன் வெற்றியுஞ் சேர, எட்டுப் பதக்கம் பெற்ற முதல் வீரர் என்னும் பெருமை அவருக்கு உரியதாயிற்று. மன்ஸ்டர் மாகாணத்தின் சார்பில் ஆடிப் பெற்ற பதக்கங்கள் வேறு 18.

ஒன்பதாவது பதக்கத்தை நாடி 1956இல் அவர் களம் புகுந்தார். எதிர்நின்றது, ஈராண்டுகளுக்கு முன் கோர்க்கிடம் தோற்றிருந்த வெக்ஸ்போர்ட் அணி. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. வெக்ஸ்போர்ட் இரண்டே புள்ளிகளால் முன்னின்றது. அவ்வேளை றிங் இலக்கை நோக்கிப் பந்தை அடித்தார். அது உட்புகுந்திருந்தால் கோர்க் முந்தியிருக்கும். ஆனால் இலக்குக் காவலர் ஆட் போலி அதனைத் தடுத்துவிட்டார். றிங் ஓடிச்சென்று, தம் கனவைக் கலைத்த அவ்விளைஞரின் கையைப் பற்றிக் குலுக்கினார். அடுத்த கணங்களில் வெக்ஸ்போர்ட் மூன்று புள்ளியை ஈட்டி வெற்றியை உறுதியாக்கியது.

ஆட்டம் முடிந்ததும் வெக்ஸ்போர்ட் வீரர்களாகிய நிக் ஓடொனலும் பொபி றக்கார்டும் தம் வெற்றியைக் கொண்டாடுமுன் றிங்கைத் தோளில் தூக்கினர். ஓடொனல், 1954இன் இறுதியாட்டத்தில் காறையெலும்பு முறிந்து களம்விட்டுச் சென்றவர். பழைய நோவும் பகையும் அங்கே நினைக்கப்படவில்லை. ஒன்பதாவது பதக்கம் றிங்குக்கு வாய்க்கவேயில்லை. அதன்பின் ஓர் இறுதியாட்டத்திலும் அவர் ஆடவில்லை.

1979 மார்ச் 2ஆந் திகதி, கோர்க் நகர வீதியில் நடந்து செல்கையிற் சரிந்து வீழ்ந்து, ஐம்பத்தெட்டாவது வயதில் அவர் மறைந்தார். பல்லாயிரவர் வீதியோரம் நின்று விடை கொடுத்தனர். குளோயின் கல்லறையில் இரங்கலுரை ஆற்றியவர் அந்நாட்டுப் பிரதமர் ஜக் லிஞ்ச். ஒரு காலத்தில் றிங்கோடு தோளுரசி ஆடிய கோர்க் வீரர்.

எட்டுப் பதக்கங்கள் அவர் திறமைக்குச் சான்று. கிட்டாத ஒன்பதாவதோ அவர் பண்புக்கும், அவரைச் சுமந்தவர் பண்புக்கும் ஒருங்கே சான்றாயிற்று. மாற்றாரும் மதிக்கும் வாழ்வே பெருவாழ்வு என்பதை நம் விளையாட்டுத் திடல்களில் நிற்கும் இளைஞரும் எண்ணிப் பார்ப்பாராக.