பவானி அன்னையும் செஞ்சி கொண்ட சிவாஜியும்

சிவமயம்

இறைவன் உயிர்கள்பால் காட்டும் அருளை நம் சைவப் பெரியோர் அறக்கருணை, மறக்கருணை என இரு கூறாக வகுத்துரைப்பர். குழந்தைக்குப் பாலூட்டுவது தாயன்பு. அது நோயுற்றபோது இறுகப் பற்றிக் கசப்பு மருந்தைப் புகட்டுவதும் அத்தாயன்பே. முன்னதை எளிதில் உணரும் நாம், பின்னதைக் கண்டு அஞ்சுகின்றோம். காளி, துர்க்கை, கொற்றவை, அங்காளம்மை எனப் பல பெயர் பூண்டு நிற்கும் அன்னையின் உக்கிரத் திருக்கோலம் இம்மறக்கருணையின் வடிவமேயாகும். இவ்வுண்மைக்குத் தம் வாழ்வையே சான்றாக வைத்த மன்னர் ஒருவர் நம் செஞ்சி மண்ணில் அடிவைத்தவர். அவரே மராட்டிய வேந்தர் சத்திரபதி சிவாஜி.

அவர் 1630-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் சிவநேரிக் கோட்டையில் சாஹாஜி, ஜீஜாபாய் என்பார்க்கு மகவாகத் தோன்றினார். அக்கோட்டையில் கோயில் கொண்டுள்ள சிவாயி என்னும் தேவியின் பெயரையே அன்னையார் மைந்தனுக்கு இட்டனர் என்பது வழிவழி வரும் செய்தி. போன்சலே குலத்தாரின் குலதெய்வம் துளஜாபுரத்துப் பவானி. எட்டுத் திருக்கரங்களுடன் எருமை அசுரனை அடர்த்து நிற்கும் மகிடாசுரமர்த்தினியின் திருவுருவம் அது.

அவ்வுருவின் உட்பொருளைச் சிறிது சிந்திப்போம். எருமை சேற்றை விரும்புவது, இருளின் நிறம் உடையது, எளிதில் அசையாதது. உயிரை அநாதியே பற்றி நிற்கும் ஆணவ இருளுக்கு இதனினும் பொருத்தமான உவமை வேறில்லை. அன்னை ஏந்திய சூலம் அவ்விருளைக் கிழிக்கும் ஞானம். அசுரன் அவள் திருவடிக்கீழ்க் கிடக்கின்றானேயன்றி அப்பால் எறியப்படவில்லை என்பதையும் கருதுக. பகைத்தவனுக்கும் அவள் கொடுத்தது திருவடியே. ஆதலின் அவள் சினம் வெறுப்பிற் பிறந்த சினமன்று.

1659-ஆம் ஆண்டில் பீஜப்பூர்ப் படைத்தலைவர் அப்சல்கான் பெரும்படையுடன் சிவாஜியின்மேல் வந்தார். வரும் வழியில் துளஜாபுரத் திருக்கோயிலுக்குத் தீங்கு இழைத்தார் என மராட்டிய வரலாறுகள் கூறும். எதிர்நின்று பொருவது அரிதென அமைச்சர் தயங்கினர். அன்னை கனவிற் போந்து அபயம் அளித்தனள் என்றும், அத்துணிவினாலேயே சிவாஜி பிரதாபகட அடிவாரத்தில் அப்சல்கானைச் சந்திக்க இசைந்தார் என்றும் அவ்வரலாறுகள் உரைக்கும். நவம்பர் 10-ஆம் நாள் நிகழ்ந்த அச்சந்திப்பில் கான் உயிர் துறந்தார். அவர் கல்லறை அக்கோட்டையின் அடிவாரத்திலேயே அமைந்தது. பின்னர் 1661-இல் சிவாஜி பிரதாபகடத்தில் பவானிக்குத் திருக்கோயில் அமைத்தார். பவானி என்ற பெயராலேயே அவருடைய வாளும் மக்கள் நாவில் வழங்கலாயிற்று.

1674-ஆம் ஆண்டு சூன் 6-ஆம் நாள் இராயகடத்தில் வைதிக முறைப்படி முடிசூட்டு விழா நிகழ்ந்தது. அடுத்த சின்னாட்களில் அன்னை ஜீஜாபாய் மறைந்தார். அவ்வாண்டு செப்டம்பர் 24-ஆம் நாள், நவராத்திரியின் ஐந்தாம் நாளாகிய லலிதா பஞ்சமியன்று, நிச்சலபுரி என்னும் துறவியைக் கொண்டு சாக்த ஆகம நெறியில் இரண்டாம் முறையும் அபிடேகம் செய்துகொண்டார். பெற்ற தாயை இழந்த மன்னர் உலகன்னையின் முன் மீண்டும் முடி சூடியமை நெஞ்சை உருக்குவதாகும்.

1677-ஆம் ஆண்டில் அவர் தென்னாடு நோக்கிப் புறப்பட்டார். கோல்கொண்டாவில் சுல்தானோடு உடன்பாடு செய்துகொண்டு, மூவர் முதலிகள் பாடிய திருப்பருப்பதமாகிய ஸ்ரீசைலத்தை அடைந்தார். மல்லிகார்ச்சுனரும் பிரமராம்பிகையும் எழுந்தருளிய அம்மலை அவருக்குக் கயிலையாகவே தோன்றிற்று. அரசும் வெற்றியும் புகழும் அற்பமெனத் தோன்ற, தம் தலையையே அன்னைக்குக் காணிக்கையாக்கத் துணிந்தார். அப்பொழுது அன்னை வெளிப்பட்டு, அவ்வழியில் வீடுபேறு இல்லை, செய்யவேண்டிய பணி இன்னும் உளது எனத் தடுத்தருளினாள் என்பது வரலாறு.

தலைப்பலி தமிழர்க்குப் புதியதன்று. மாமல்லபுரத்துத் திரௌபதி ரதத்தில் கொற்றவையின் திருமுன் தன் தலையை அரிய முற்படும் வீரனை இன்றும் காணலாம். செஞ்சிக்கு அண்மையில் உள்ள சிங்கவரத்துப் பல்லவர் குடைவரையிலும் எருமைத்தலைமேல் நிற்கும் கொற்றவை காட்சி தருகின்றாள். அவ்வீரர் தலையைக் கொடுத்தனர். ஸ்ரீசைலத்திலோ அன்னை அதனினும் அரியதொன்றை வேண்டினாள். தலையைக் கொடுப்பது ஒரு கணத்துச் செயல். தலைமேல் வைத்த கடமையை இறுதிவரை சுமப்பது வாழ்நாள் முழுவதும் தொடரும் பலி. சாகத் துணிந்தவனைத் தடுத்து மீண்டும் உலகில் நிறுத்துவது கொடுமையோ? அன்று, அதுவே மறக்கருணை.

அம்மலையினின்று மீண்டவரின் பணி செஞ்சியில் காத்திருந்தது. 1649 முதல் பீஜப்பூர் வசமிருந்த நம் கோட்டை 1677-ஆம் ஆண்டின் இடைப்பகுதியில் அவர் கைப்பட்டது. இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் முக்குன்றுகளையும் இணைத்த அரணை அவர் பெரும்பொருள் செலவிட்டு வலுப்படுத்தினார். அக்காலத்துப் பாதிரிமார் கடிதங்களும் இதனைக் கூறும். அம்முக்குன்றுகளுள் இராசகிரியில், உச்சிக்குச் சற்றுக் கீழே, கமலக்கண்ணி அம்மன் காவல் தெய்வமாக எழுந்தருளியிருக்கின்றாள்.

1680-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் சிவாஜி இராயகடத்தில் இறைவன் அடி சேர்ந்தார். ஒன்பதாண்டுகளில் மூத்த மைந்தர் சாம்பாஜி கொல்லப்பட்டார், இராயகடமும் வீழ்ந்தது. இளைய மைந்தர் இராசாராம் உயிர் தப்பி வந்து புகலடைந்த இடம் நம் செஞ்சியே. மொகலாயர் முற்றுகையை 1698 வரை தாங்கி நின்று மராட்டிய அரசைக் காத்தது தந்தையார் வலுப்படுத்திய இவ்வரணேயாகும். ஸ்ரீசைலத்தில் அத்தலை வீழ்ந்திருப்பின் செஞ்சி அவர் கைப்பட்டிராது. அவர் மைந்தர்க்குப் புகலிடமும் இருந்திராது. தடுத்த கையின் அருமை இருபதாண்டுகள் கழித்தே விளங்கிற்று.

இன்னொரு வியப்பும் உண்டு. ஸ்ரீசைல நிகழ்ச்சியைக் கூறும் பழைய மராட்டிய வரலாற்றைக் கிருஷ்ணாஜி அனந்த சபாசத் என்பார் 1697-ஆம் ஆண்டளவில் இராசாராமின் ஆணைப்படி எழுதினார். எழுதிய இடம் செஞ்சிக் கோட்டை. வெளியே பகைவர் முற்றுகை. உள்ளே அன்னையின் அருட்செயல் ஏட்டில் ஏறுகின்றது! 2025-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மன்றம் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலக மரபுச் சின்னங்களாக ஏற்றது. சிவநேரி, பிரதாபகடம், இராயகடம் ஆகியவற்றோடு அவ்வரிசையில் இடம்பெற்ற தமிழகக் கோட்டை செஞ்சி ஒன்றே.

குடமுழுக்குக் கண்டு களிக்கும் அன்பர்களே! அன்னைக்குச் செவ்வலரி சாத்துகின்றோம், எலுமிச்சை மாலை அணிவிக்கின்றோம், தீமிதிக்கின்றோம், மேல்மலையனூரில் மயானக் கொள்ளை கண்டு மெய்சிலிர்க்கின்றோம். பொருள் ஈந்து திருப்பணியும் செய்தோம். யான் செய்தேன் என்னும் எண்ணம் அப்பணியோடு ஒட்டிக்கொண்டிருக்குமாயின் அதுவே நாம் இன்னும் கொடாத எருமைத்தலை. அதனை அவள் திருவடிக்கீழ் இட்டு, அவரவர்க்கு அவள் வைத்த பணிக்குத் திரும்புவோமாக. வெற்றியைக் கேட்டவனுக்குப் பணியைத் தருபவள் அவள். அப்பணியினைச் செய்து முடிக்கும் வலியையும் அவளே தருவாள்.

சிவம் பெருக.