மூளையின் மின்சாரத்தைப் பிடித்தவர்

கோமாவில் கிடப்பவரின் தலையில் ஒயர்களை ஒட்டி இ.இ.ஜி. எடுப்பதைப் பார்த்திருப்பீங்க. ஆள் அசைவதில்லை, பேசுவதில்லை. உள்ளே நினைவு இருக்கிறதா? அந்த நெளிகோட்டைத்தான் டாக்டர் பார்க்கிறார். மனிதத் தலையிலிருந்து அதை முதலில் எடுத்தவர் ஹான்ஸ் பெர்கர்.

ஜெர்மனியில் 1873-ல் பிறந்தவர். நம்ம மாதிரி கணக்குப் பக்கம்தான் முதலில் போனார். ராணுவப் பயிற்சியில் குதிரை தூக்கி எறிய, பீரங்கி வண்டிக்கு முன்னால் விழுந்தார். மயிரிழையில் வண்டி நின்றது. அன்று மாலையே வீட்டிலிருந்து தந்தி, அவர் நலமா என்று கேட்டு! வெளியூரிலிருந்த சகோதரிக்கு ஏனோ மனசு சரியில்லையாம். தன் பயம் அவளைப் போய்ச் சேர்ந்துவிட்டது என்றே பெர்கர் நம்பினார். எனக்கென்னவோ அது தற்செயல்தான். ஆனா அந்த நம்பிக்கைதான் அவரை மருத்துவத்துக்கு இழுத்தது.

ஜெனா மனநோய் மருத்துவமனையில் மூளையின் ரத்த ஓட்டத்தையும் வெப்பத்தையும் பல வருஷம் அளந்தார். மனசு பிடிபடவில்லை. பிறகு மின்சாரம். எலக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் கவனிக்க: மண்டைத் தோலில் கிடைப்பது ஒரு வோல்ட்டில் லட்சத்தில் சில பங்குதான். கால்வனாமீட்டரின் அசைவைப் போட்டோ காகிதத்தில் பதிந்தார். 1924-ல், மண்டையில் ஆபரேஷன் ஆன ஒரு பையனிடம் முதல் அலை கிடைத்தது. அது மூளையா, நாடித் துடிப்பா, தசையா? தன் மகனின் தலையிலேயே திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்து, 1929-ல்தான் வெளியிட்டார்.

கண் மூடிச் சும்மா இருந்தால் நொடிக்குப் பத்து அலை, அதுதான் ஆல்பா. கண் திறந்தாலோ மனக்கணக்குப் போட்டாலோ அது அடங்கி, சின்ன வேக அலைகள் வரும். குளோரோபார்மில் மயங்கினால் அலை மாறும். வலிப்பு நோயிலும் மாறும். 2019-ல் அமெரிக்க டாக்டர்கள், மூளை அடிபட்டு அசைவே காட்டாத 104 பேரிடம் கையை அசைக்கச் சொல்லி இதே அலைகளை ஆராய்ந்தபோது, 16 பேரின் மூளை கட்டளைக்குப் பதில் கொடுத்தது!

பெர்கரை முதலில் யாரும் சட்டை பண்ணவில்லை. 1934-ல் கேம்பிரிட்ஜில் நோபல் விஞ்ஞானி ஏட்ரியன் அதே அலைகளை எடுத்துக் காட்டிய பிறகே உலகம் நம்பியது.

ஒன்றை மறைக்கக் கூடாது. நாஜி ஆட்சியில், மனநோயாளிகளுக்குக் கட்டாயக் கருத்தடை விதித்த நீதிமன்றத்தில் இவரும் உட்கார்ந்தார். இ.இ.ஜி.யைச் சொல்லி இதைக் கழித்துவிட முடியாது. 1938-ல் ஓய்வு பெற்றார். 1941-ல், கடும் மனச்சோர்வில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.