காசில்லாத மனுஷன் செதுக்கிய ஸ்கீ!

கண்ணமங்கலத்தில் நின்று ஜவ்வாது மலையைப் பார்க்கிற உங்களுக்கு, பனி என்றால் மார்கழிக் காலையில் மலையை மறைக்கிற வெள்ளைப் புகைதான். ஆனால், போனைத் திறந்தால் ரீல்ஸ் வேற பனியைக் காட்டுது. குல்மார்க், ஔலி, சோலாங்... யாரோ ரெண்டு கட்டையைக் காலில் மாட்டிக்கிட்டு சர்ருன்னு சறுக்கி வர்றாங்க. உங்களுக்கும் ஆசை வருது. ஆன்லைனில் ஸ்கீ விலையைப் பார்க்கிறீங்க. வந்த ஆசை அப்படியே அடங்கிடுது, இல்லையா?

கொஞ்சம் இருங்க. நவீன ஸ்கீயிங்கின் தந்தை என்று உலகம் கொண்டாடும் சோன்ட்ரே நோர்ஹைம், கையில் காசே இல்லாத மனிதர். அவர் கதையைக் கேட்டுட்டு அப்புறம் கார்ட்டில் போடுங்க.

1825-ல் நார்வேயின் தெலமார்க் பகுதியில், மோர்கெடால் என்ற மலைக்கிராமத்தில் பிறந்தார் சோன்ட்ரே. சின்ன வயசுலேயே அம்மா இறந்துட்டாங்க. பிறகு ரான்னேயைக் கல்யாணம் செய்துகொண்டார். சொந்த நிலம் கிடையாது. அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டு, அதற்கு ஈடாக உழைத்துக் கொடுக்கும் குடியானவர். பிள்ளைகளோ நிறைய. இந்த நிலைமையில் மனுஷன் என்ன பண்ணியிருக்கணும்? விறகு வெட்டியிருக்கணும். இவர் சறுக்கப் போயிடுவார்!

அந்தக் காலத்து ஸ்கீ எப்படி இருந்தது தெரியுமா? நீளமான மரப்பலகை. கால்விரலை நுழைக்க ஒரு வார், அவ்வளவுதான். குதிகால் சும்மா ஆடிக்கிட்டு இருக்கும். ஹவாய் செருப்பு போட்டுக்கிட்டு பாறை மேலிருந்து குதிக்கிற மாதிரி. குதித்தால் ஸ்கீ ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். வேகத்தைக் குறைக்க ஒரே ஒரு நீளக் கம்பைப் பின்னால் ஊன்றி இழுத்துக்கிட்டே வரணும்.

சோன்ட்ரே, மரத்தின் இளங்கொம்பையும் வேரையும் முறுக்கி, குதிகாலைச் சுற்றிக் கட்டினார். கால் ஸ்கீயோடு நின்றது. தைரியமாகக் குதிக்க முடிந்தது. கம்பு இல்லாமலே திரும்பவும் முடிந்தது. கூடவே ஸ்கீயைக் கொஞ்சம் குட்டையாக்கி, முனையும் வாலும் அகலமாக, நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கி இருக்கும்படி செதுக்கினார். சாய்த்தால் அந்த வளைவே உங்களைத் திருப்பிவிடும். எல்லாமே இவர் ஒருத்தர் கண்டுபிடிப்புன்னு சொல்ல முடியாது. இடுப்பு வளைவு அந்தப் பக்கத்து ஸ்கீக்களில் ஏற்கெனவே ஓரளவு இருந்ததுதான். எல்லாத்தையும் ஒன்றுசேர்த்து ஓட்டிக் காட்டியவர் இவர்.

1868-ல் தலைநகர் கிறிஸ்டியானியாவில், அதாவது இன்றைய ஆஸ்லோவில், போட்டி வைத்தார்கள். வண்டிக்குக் கொடுக்க ஏது காசு? சுமார் 200 கிலோமீட்டரை நண்பர்களோடு ஸ்கீயிலேயே போனார். கண்ணமங்கலத்திலிருந்து சென்னையைத் தாண்டும் தூரம்! வயது 42. நகரத்து இளைஞர்களை எல்லாம் ஓரங்கட்டி ஜெயித்தார். இன்றைக்கும் ஸ்கீ பயிற்சியாளர்கள் சொல்லும் 'டெலிமார்க்' திருப்பம் இவருடைய ஊர்ப் பெயர்தான்.

இதில் உங்க பர்ஸுக்கு என்ன இருக்கு? இருக்கு. சோன்ட்ரே முதலில் சரிசெய்தது குதிகாலை. நீங்களும் பட்ஜெட்டை பூட்ஸில் இருந்து தொடங்குங்க. பூட்ஸுக்குள் குதிகால் தூக்கினால் எவ்வளவு விலை உயர்ந்த ஸ்கீயும் வீண். ஸ்னோபோர்டுக்கும் இதே கதைதான். முதல் தடவை போகிறவர் ஸ்கீ, போர்டு, பூட்ஸ் எதையும் வாங்கவே வேண்டாம். குல்மார்க்கிலும் ஔலியிலும் வாடகைக்குக் கிடைக்கும். குல்மார்க்கில் உள்ள இந்திய ஸ்கீயிங் மற்றும் மலையேற்றப் பயிற்சி நிறுவனம் மாதிரியான இடங்களில் கோர்ஸில் சேர்ந்தால், கருவிகளும் கட்டணத்துக்குள்ளேயே வந்துடும். கையுறை, கண்ணாடி, தெர்மல், கம்பளி சாக்ஸ் இதையெல்லாம் மட்டும் இங்கேயே வாங்கிக்கோங்க. உள்ளே காட்டன் பனியன் வேண்டவே வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காயாது, குளிர் எலும்பு வரைக்கும் போகும்.

பிறகு செகண்ட் ஹேண்டில் வாங்குறீங்களா? அடிப்பக்கம் பிளந்திருக்கா, ஓரத்து இரும்பு துருவில் அரிச்சிருக்கானு பாருங்க. காலைப் பிடிக்கும் பைண்டிங்கை மெக்கானிக்கிடம் சோதிக்காமல் மாட்டாதீங்க. விழும்போது அது கழன்றால்தான் முழங்கால் தப்பும். ஹெல்மெட் மட்டும் புதுசு. அதில் பேரமே கிடையாது.

சோன்ட்ரேவுக்கு அந்தப் புகழ் சோறு போடவில்லை. 1884-ல், 60 வயதை நெருங்கும்போது, மனைவியோடும் சில பிள்ளைகளோடும் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். கடைசியில் போய்ச் சேர்ந்தது வடக்கு டகோட்டா. பனி உண்டு, ஆனால் மலையே இல்லாத தட்டையான சமவெளி. சறுக்குவதற்கென்றே பிறந்த ஆளுக்கு இதைவிடக் கொடுமை இருக்குமான்னு நீங்களே சொல்லுங்க. அங்கேயும் அவர் வீட்டு வாசலில் ஒரு ஜோடி ஸ்கீ எப்போதும் சாத்தியிருக்குமாம். 1897-ல் இறந்தார். டென்பி என்ற ஊருக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். பல வருஷம் அந்த இடத்தில் பெயர் பொறித்த ஒரு கல்கூட இல்லை.

1952-ல் ஆஸ்லோவில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது, ஜோதியை ஏற்ற நார்வேக்காரர்கள் கிரீஸுக்குப் போகவில்லை. மோர்கெடாலில் சோன்ட்ரே பிறந்த அந்தக் குடிசையின் அடுப்பில் இருந்துதான் நெருப்பை எடுத்தார்கள்.