வட்டுக்கோட்டையில் வழிகாட்டிய பூர் ஐயர்

யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் பிள்ளையின் படிப்பைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் முடிவில் உத்தியோகத்தில்தான் வந்து நிற்கும். இது இன்று நேற்று உண்டான வழக்கமன்று. ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முன்னரே, உயர்படிப்பு முடிந்ததும் மாணவன் எங்கே போவான், எதற்காக அவனை ஆயத்தப்படுத்துகிறோம் என்ற கேள்வி வட்டுக்கோட்டையில் எழுந்தது. அக்கேள்விக்குத் தம் உழைப்பையே விடையாகக் கொடுத்தவர் டானியல் பூர். எமது முன்னோர் அவரைப் பூர் ஐயர் என்றே அழைத்தனர்.

பூர் ஐயர் 1789-ம் ஆண்டு அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்திலுள்ள டான்வேர்ஸ் என்னும் ஊரிற் பிறந்தார். டார்ட்மத் கல்லூரியில் 1811-ல் பட்டம் பெற்றார். பின்னர் அண்டோவரில் இறையியல் பயின்று, 1815-ல் புரட்டஸ்தாந்து சபைப் போதகராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அதே ஆண்டில், மணமுடித்த கையோடு மனைவி சூசனுடன் கப்பலேறினார். மாதக்கணக்கான கடற்பயணத்தின் பின் 1816-ல் கொழும்பை அடைந்து, அவ்வாண்டிலேயே தெல்லிப்பளைக்கு வந்து சேர்ந்தார்.

வந்தவர் முதலிற் செய்த வேலை தமிழ் படித்ததுதான். வீடுகளுக்கும் சந்தைகளுக்கும் சென்று மக்களோடு பேசிப் பழகினார். நாளடைவில், சபை கூட்டித் தடையின்றித் தமிழிற் பேசும் ஆற்றல் அவருக்குக் கைவந்தது. தெல்லிப்பளையில் பிள்ளைகளைத் தங்கவைத்துப் படிப்பிக்கும் பாடசாலையையும் நடத்தினார். 1821-ல் மனைவி சூசன் காலமானார். அந்நிய மண்ணில் துணையை இழந்த போதிலும் அவர் ஊர் திரும்ப எண்ணவில்லை.

கிராமப் பாடசாலைகளில் படித்துத் தேறிய பையன்கள் அதற்கு மேல் எங்கே படிப்பது? அன்று இலங்கையில் பல்கலைக்கழகம் கிடையாது. ஆகவே 1823-ல் வட்டுக்கோட்டையில் ஓர் உயர்கல்வி நிலையம் தொடங்கப்பட்டது. பூர் ஐயர் அதன் முதல் அதிபரானார். போர்த்துக்கேயர் காலத்தில் கத்தோலிக்க ஆலயமாயிருந்து, பின்னர் ஒல்லாந்தர் கைக்கு மாறிய பழைய கோயில் வளவிலேயே அது அமைந்தது. அமெரிக்க மிசனரிமார் கூடுதலாக வருவதை அக்கால ஆங்கில அரசாங்கம் விரும்பவில்லை. கல்லூரி என்ற தகுதியை வழங்கவும் முன்வரவில்லை. அதனால் செமினரி என்ற பெயரே நிலைத்தது. பெயர் எதுவாயினும், அங்கே நடந்தது கல்லூரிப் படிப்பேயாகும்.

பூர் ஐயரின் பாடத்திட்டத்தை இன்று எண்ணிப் பார்த்தாலும் வியப்பாயிருக்கிறது. ஆங்கிலமும், கணிதமும், வானசாத்திரமும், தருக்கமும் ஒருபுறம். தமிழ் இலக்கண இலக்கியங்கள் மறுபுறம். திறமையுள்ள சிலருக்குச் சமஸ்கிருதமும் கற்பிக்கப்பட்டது. ஆங்கிலம் படிப்பவன் தமிழை மறந்துவிடலாகாது என்பதில் அவர் உறுதியாயிருந்தார். புத்தகத்தை மனனம் செய்வதோடும் படிப்பு நின்றுவிடவில்லை. மூத்த மாணவர் அயற்கிராமப் பாடசாலைகளிற் பணி செய்து பழகினர். படித்ததைப் பிரமுகர்கள் முன்னிலையில் பகிரங்கப் பரீட்சையில் நிரூபித்துக் காட்டினர். படிக்கும்போதே வேலையும் பழகுவது என்று நாம் இப்போது சொல்வதை அவர்கள் அப்போதே செய்தார்கள்.

1829-ல் நடந்த ஒரு சம்பவம் ஊரெங்கும் பேசப்பட்டது. அவ்வாண்டு நிகழவிருந்த சந்திர கிரகணத்தைப் பற்றி, வட்டுக்கோட்டைப் பகுதியிற் பேர்பெற்ற பஞ்சாங்க கணிதரான விசுவநாத சாஸ்திரியார் கணித்திருந்தார். பூர் ஐயரும் தாமாகக் கணித்துப் பார்த்தபோது இரண்டுக்குமிடையே வித்தியாசம் இருந்தது. கிரகண இரவில் எல்லோரும் வானத்தை அண்ணாந்து பார்த்திருக்க, பூர் ஐயரின் கணக்கே சரியாயிற்று. அன்று மாணவர் கற்றுக்கொண்ட பாடம் பெரிது. யார் சொன்னார் என்று பாராமல், கணக்கிட்டுக் கண்ணாற் கண்டு தெளியவேண்டும் என்பதே அது. எந்த உத்தியோகத்துக்குப் போனாலும் இந்தப் பழக்கம் கைகொடுக்குமல்லவா?

1835-ன் பின் பூர் ஐயர் மதுரைக்குச் சென்று அங்கும் பல பாடசாலைகளை நிறுவினார். 1841-ல் யாழ்ப்பாணம் திரும்பினார். அதே ஆண்டில் உதயதாரகை என்னும் பத்திரிகை வெளிவரத் தொடங்கியது. அதன் முதல் ஆசிரியர்களான ஹென்றி மாட்டினும் சேத் பேய்சனும் செமினரியிற் படித்தவர்களே. வேறு பலர் கச்சேரிகளில் எழுதுவினைஞராயும், நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளராயும், நில அளவையாளராயும், ஆசிரியராயும் அமர்ந்தனர். ஏழை வீட்டுப் பிள்ளை ஒருவன் மாதச் சம்பளம் வாங்கும் அதிசயத்தை ஊர் கண்டது.

இங்கேதான் சிக்கல் முளைத்தது. செமினரியை நடத்தப் பணம் அனுப்பியவர்கள் அமெரிக்காவிலிருந்த சபையார். போதகரும் உபதேசியாரும் உருவாகவேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். மாணவர்களோ, ஆங்கிலம் கற்றதும் அரசாங்க உத்தியோகத்தை நாடினர். சபையார் அனுப்பிய தூதுக்குழு 1855-ல் யாழ்ப்பாணம் வந்து ஆராய்ந்தது. அதன் விளைவாக அவ்வாண்டிலேயே செமினரி மூடப்பட்டது. 32 ஆண்டு உழைப்பு ஒரு தீர்மானத்தோடு முடிவுக்கு வந்தது.

அந்தத் துயரத்தைக் காணப் பூர் ஐயர் உயிரோடு இல்லை. 1855-ம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், யாழ்ப்பாணத்தைக் கொள்ளைகொண்ட வாந்திபேதி நோய் மானிப்பாயில் அவரையும் கொண்டுபோயிற்று. அப்போது அவருக்கு வயது 65.

மூடியவர்களின் கவலை முற்றிலும் பொய்யென்று சொல்லிவிட முடியாது. படிப்பு வெறும் சம்பளத்துக்கான ஏணியாகிவிட்டால் அதில் ஏதோ குறைந்துதான் போகிறது. ஆனால் அவர்கள் காணத் தவறியதும் ஒன்றுண்டு. 1857-ல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரும் வட்டுக்கோட்டை மாணவர்களே. ஒருவர் கறோல் விசுவநாதபிள்ளை. தமிழில் வீசகணித நூல் எழுதியவர். மற்றவர் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை. அவர் ஆசிரியராயிருந்தார், பத்திரிகை நடத்தினார், அரசாங்கக் கணக்குப் பகுதியில் உயர்ந்தார், சட்டம் படித்துப் புதுக்கோட்டையில் நீதிபதியானார். அத்தனை அலுவல்களுக்கிடையிலும் ஏடு தேடி அலைந்து, தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885-லும், கலித்தொகையை 1887-லும் அச்சேற்றினார். உத்தியோகம் அவரது தமிழை விழுங்கவில்லை. மாறாக, உத்தியோகத்தில் ஈட்டிய பொருளே தமிழுக்குச் செலவாயிற்று.

ஒரே பள்ளியிற் பெற்ற பயிற்சி ஒருவரை இத்தனை தொழில்களுக்கும் தகுதியாக்கியது எப்படி? செமினரி அவரை ஒரு நாற்காலிக்கு மட்டும் அளவெடுத்துத் தைக்கவில்லை. இரு மொழிகளில் தெளிவாக எழுதவும், கணக்கிடவும், நியாயம் பேசவும் பழக்கிவிட்டது. எஞ்சியதை அவரே தேடிக்கொண்டார்.

மூடிய கதவு மூடியே இருக்கவில்லை. பழைய மாணவர்களின் முயற்சியும் சேர, 1872-ல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. அங்குள்ள நூலகமும், மதுரை அமெரிக்கன் கல்லூரி நூலகமும் டானியல் பூரின் பெயரைத் தாங்கியிருக்கின்றன.

2017-ல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாணத்தில் மாவட்டச் செயலகத்தின் முன் நாட்கணக்காக அமர்ந்திருந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அவர்களது வேதனை நியாயமானது. அதே வேளையில், அரசாங்க நியமனம் ஒன்றே படிப்பின் பலன் என்று பிள்ளைகளுக்குப் பழக்கியவர்கள் யார் என்பதையும் பெற்றோராகிய நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். பட்டம் கையில் வந்த பின் வேலை தேடுவோம் என்று காத்திராமல், முதலாம் ஆண்டிலேயே பிள்ளையோடு அமர்ந்து பேசுவோம். விடுமுறையில் ஒரு பாடசாலையிலோ, பட்டறையிலோ, அலுவலகத்திலோ சிறிது காலம் வேலை பழக விடுவோம். ஆங்கிலத்தையும் தமிழையும் பிழையற எழுதப் பயிற்றுவோம். உனக்கு என்ன உத்தியோகம் கிடைக்கும் என்று கேட்பதோடு நிறுத்தாமல், உன்னால் யாருக்கு என்ன பயன் என்றும் கேட்போம். பூர் ஐயர் வட்டுக்கோட்டையில் வைத்துச் சென்ற கல்வி இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாகவே தாங்கி நின்றது.